அட்டாவில் இடைவெளி கிடையாது

துர்கா பூஜை நாட்களில் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் மேடாக்ஸ் ஸ்கொயருக்குப் போனால், சாமி பார்க்க வந்தவர்களைவிடப் பேச வந்தவர்களே அதிகம் என்று தோன்றும். திடலில் செய்தித்தாளை விரித்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா, இந்த வருஷம் இலிஷ் மீன் என்ன விலை, யாருக்கு எங்கே மாற்றல் என்று பேச்சு எங்கெங்கோ போகும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார். புகுந்தவரை யாரும் கோபிப்பதில்லை. புகாமல் உட்கார்ந்திருப்பவரைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். வங்காளிகள் இதை அட்டா என்கிறார்கள். பழைய பாலிகஞ்ச் வீடுகளின் வாசல் மேடையில், அவர்கள் பாஷையில் ‘ரொக்’கில், வருஷம் முழுக்க நடந்ததும் இதுதான். நம் திண்ணைப் பேச்சுக்கு அண்ணன் முறை.

இப்போது லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போவோம். அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகஸன் உருவாக்கிய ‘பியர்ஸ்’ என்ற பயிற்சி, ஆட்டிச நிலையில் உள்ள வளரிளம் பருவத்தினருக்குச் சமூகத் திறன்களைக் கற்றுத்தருவதில் உலகப் புகழ் பெற்றது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்வது எப்படி என்பதை அது படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறது. சற்றுத் தள்ளி நின்று கவனி. என்ன விஷயம் பேசுகிறார்கள் என்று கண்டுபிடி. அதில் உனக்கும் சொல்ல ஏதாவது உண்டா என்று பார். பேச்சில் சின்ன இடைவெளி வரும்வரை காத்திரு. பிறகு அருகே போய் அதே விஷயத்தில் ஒன்று சொல்.

நல்ல பாடம்தான். ஆனால் மேடாக்ஸ் ஸ்கொயரில் இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்கும் பையன் நாலாவது படியிலேயே நின்றுவிடுவான். அந்த இடைவெளி ராத்திரி வரை வராது.

லாகஸனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சக வயதுப் பிள்ளைகள் நிஜமாக என்ன செய்கிறார்களோ அதைக் கவனித்துக் கற்றுக்கொடு என்பதுதான் அவருடைய முறையின் அடித்தளம். ‘போய்க் கைகொடுத்து உன்னை அறிமுகப்படுத்திக்கொள்’ என்று பெரியவர்கள் சொல்லும் யோசனையை எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை பின்பற்றுகிறது? அந்தக் கொள்கையை முழுதாக ஏற்றால், கொல்கத்தாவுக்கான பாடத்தைக் கொல்கத்தாப் பிள்ளைகளைக் கவனித்துத்தான் எழுத வேண்டும். கொரியாக்காரர்கள் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிச் சோதித்துப் பார்த்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சிகிச்சை மையங்கள் பலவற்றில் ஆங்கிலப் பயிற்சித்தாளை அப்படியே நகலெடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். அங்கே ஆரம்பிக்கிறது கோளாறு.

இன்னொரு கோளாறு இன்னும் ஆழமானது. சமூகத் திறன் குழுப் பயிற்சிகள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா? ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் மேத்யூ லெர்னரும் சகாக்களும் 2017-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டார்கள். எல்லாமே குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த ஆய்வுகள். மொத்தத்தில் நடுத்தரப் பலன் தெரிந்தது. யாரைக் கேட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் தாங்களே சொன்னதில் முன்னேற்றம் பெரிதாக இருந்தது. பெற்றோர் சொன்னதில் ஓரளவு. ஆசிரியர்கள் கண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் படவில்லை. பிள்ளைகளின் அந்தப் பெரிய முன்னேற்றத்தையும் துருவிப் பார்த்தால், ‘என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்’ என்பதுதான் அதில் இருந்தது. ‘செய்கிறேன்’ என்பது இல்லை.

தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே ஏன் இத்தனை தூரம்? சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் 1985-இல் சாலி-ஆன் பரிசோதனையைச் செய்தார்கள். சாலி ஒரு கோலியை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போன நேரத்தில் ஆன் அதை இடம் மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிச நிலைக் குழந்தைகள் 20 பேரில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். அதன்பின் பல வருஷங்கள், ‘அடுத்தவர் மனசை ஊகிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், மற்றது தானாக வரும்’ என்ற நம்பிக்கையில் பாடங்கள் எழுதப்பட்டன. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், தேர்விலும் தேறினார்கள். விளையாட்டுத் திடலில் அதே தனிமை.

காரணம் வேகத்தில் இருக்கிறது. ஆமி கிளினும் யேல் பல்கலைக்கழகக் குழுவும் 2002-இல் ஆட்டிச நிலை இளைஞர்களுக்கு ஒரு திரைப்படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் கண் திரையில் எங்கெங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். மற்றவர்கள் நடிகர்களின் கண்களைத் தொடர்ந்த இடத்தில், இவர்கள் பார்வை வாயின் மீதும் அறையிலுள்ள பொருள்கள் மீதும் போயிற்று. நல்ல அறிவுத்திறன் உள்ளவர்கள் இவர்கள். கேள்வியாக எழுதிக் கொடுத்தால் யார் யார்மீது கோபம் என்று யோசித்துச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் அட்டாவில் யாரும் கேள்வியாக எழுதிக் கொடுப்பதில்லை. எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்து, புரிந்துகொண்டு, பதிலும் சொல்லிவிட வேண்டும், அதுவும் ஒரு நொடிக்குள். சிகிச்சை அறையின் சுவர்களுக்குள், ஒரே ஒரு கனிவான ஆசிரியையோடு, மின்விசிறி சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் பழகியதை, கரியாஹாட் நடைபாதைக் கூச்சலில் எப்படி எடுத்துப் பயன்படுத்துவது?

கொல்கத்தாவிலேயே நடந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் மிகவும் உதவுகிறது. அலோகானந்தா ருத்ரா, மேத்யூ பெல்மான்டே, பீஷ்மதேவ் சக்ரவர்த்தி முதலானோர் நகரின் மூன்று மண்டலங்களில் பல வகைப் பள்ளிகளிலிருந்து 11,849 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது ஆறுக்குச் சற்றுக் குறைவு. முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஆங்கிலத்தில் உருவான ஆட்டிசக் கண்டறிதல் கருவிகளை வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்க்கும் வேலையை அதற்கு முன்பே அந்தக் குழு செய்து முடித்திருந்தது. அதில் ஒரு கருவியின்படி நிபுணர் குழந்தையோடு உட்கார்ந்து விளையாட வேண்டும். பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடி, களிமண் கேக்கில் மெழுகுவத்தி ஊதுவது ஒரு கட்டம். பிறந்தநாளென்றால் பாயேஷ் என்னும் பாயசக் கிண்ணம்தான் என்று வளர்ந்த வங்காள வீட்டுப் பிள்ளை அந்த மேஜையில் என்ன செய்தால் சரி, என்ன செய்தால் குறை? கருவியைக் கடன் வாங்கும்போது இப்படிப்பட்ட கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன.

முதல் சுற்றில் ஒவ்வொரு குழந்தையின் சமூகப் பழக்கம், பேச்சுப் பழக்கம் பற்றியும் ஒரு வினாப்பட்டியல். எல்லாக் குழந்தைகளுக்கும் ஆசிரியர்கள் நிரப்பித் தந்தார்கள். 5,947 குழந்தைகளுக்குப் பெற்றோரும் நிரப்பினார்கள். சிரமம் உண்டு என்று தெரிந்த 1,247 பேரில் 882 பேருக்கு அடுத்த சுற்று வினாப்பட்டியல் நிறைவேறியது. 124 பேர் வரம்பைத் தாண்டினார்கள். நிபுணரின் நேரடிச் சோதனையில் ஆறு பேருக்கு ஆட்டிசம் அல்லது அதன் நிறமாலைக்குள் வரும் நிலை உறுதியானது. இடையில் விடுபட்டவர்களுக்கும் ஈடுசெய்து கணக்கிட்டபோது 0.23 சதவீதம். இது மற்ற நாடுகளில் சொல்லப்படுவதைவிட மிகக் குறைவு. வழக்கமான பள்ளிகளில் மட்டும் தேடினால், அந்தப் பள்ளிகளுக்குள் நுழையவே முடியாத பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது.

சதவீதத்தைவிட என்னை நிறுத்திவைத்தது வேறொரு வரி. ஒரே வினாப்பட்டியலில் ஆசிரியர்கள் குறித்த சிரமங்கள், பெற்றோர் குறித்ததைவிடத் திட்டவட்டமாகக் குறைவு. யார் சொன்னது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வகுப்பறையில் யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் மணி அடிக்கிறது. விதிகள் வெளிப்படையாக இருக்கும் இடத்தில் ஆட்டிச நிலைப் பிள்ளை பெரும்பாலும் சமாளித்துவிடும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் ‘சமர்த்து’ என்ற பெயரும் கிடைக்கும். மாண்டவில் கார்டன்ஸில் 1954-இல் சதிகாந்த குஹா தொடங்கிய சவுத் பாயின்ட் பள்ளி, மாணவர் எண்ணிக்கையில் உலகிலேயே பெரிது என்று 1980-களில் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அவ்வளவு பிள்ளைகள் படிக்கும் நகரத்தில், அமைதியான ஒரு பிள்ளை இடைவேளையில் எங்கே நிற்கிறது என்று எந்த ஆசிரியரால் பார்க்க முடியும்? வீட்டில் மணி அடிப்பதில்லை. விருந்தாளி சொல்லாமல் வருவார், மின்சாரம் போகும், அண்ணன் கேலி செய்வான். அம்மா பார்ப்பது அந்தப் பிள்ளையை.

அப்படியென்றால் கற்பிக்கும் இடமும் அளக்கும் இடமும் வகுப்பு மணிக்கு வெளியே இருக்க வேண்டும் என்றாகிறது.

இந்த ஊரில் அந்த வெளியிடம் எவ்வளவு சிக்கலானது என்பதை லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம். நமக்கு நீ, நீங்கள் என்ற இரண்டு போதும். வங்காளத்தில் துய், துமி, ஆப்னி என்று மூன்று. நண்பனிடம் துய் சொல்லாவிட்டால் தள்ளி வைத்ததாக நினைப்பான். டிராம் கண்டக்டரிடம் துய் சொன்னால் வம்பு. லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, இவர்கள் ‘நான்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இங்கே மூன்று ‘நீ’. இதைக் கேட்டதும் ‘தமிழை விட்டுவிடுங்கள், ஒரே மொழி போதும்’ என்று அறிவுரை சொல்ல ஆள் வருவார்கள். மான்ட்ரியலில் ஹாம்ப்ளியும் ஃபாம்போனும் 75 ஆட்டிச நிலைக் குழந்தைகளைப் பார்த்து 2012-இல் எழுதினார்கள்: இரு மொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் மொழித் தாமதம் இல்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பறித்துவிட்டுச் சமூகத் திறன் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பயிற்சித்தாள்களில் முதல் வரியாக வருவது பெரும்பாலும் ‘கண்ணைப் பார்த்துப் பேசு’. நம் நாட்டுக்கென்று செகந்திராபாத் தேசிய நிறுவனம் 2009-இல் வெளியிட்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலிலும் 40 குறிப்புகளில் முதலாவது கண் தொடர்புதான். கண்டறிவதற்கு அது ஒரு தடயம், சரி. அதையே பயிற்சியின் இலக்காக வைக்கலாமா? நூஷின் ஹஜிகானியின் குழு 2017-இல் மூளைப் படப் பதிவு எடுத்துப் பார்த்தது. கண் பகுதியையே பார்க்கும்படி கட்டுப்படுத்தியபோது, ஆட்டிச நிலையாளரின் மூளை ஆழத்தில் பயத்தைக் கையாளும் பகுதி உட்பட்ட பாதை அளவுக்கு மீறிக் கிளர்ந்தது. அலட்சியத்தால் அவர்கள் கண்ணைத் தவிர்க்கவில்லை, தாங்க முடியாமல் தவிர்க்கிறார்கள் என்பதற்கு இது வலுவான சான்று. போதாததற்கு, பெரியவர்கள் கண்டிக்கும்போது கண்ணுக்கு நேராகப் பார்த்தால் ‘என்ன முறைக்கிறாய்’ என்று கேட்கும் சமூகம் நம்முடையது. சிகிச்சை அறையில் பார்க்காவிட்டால் தப்பு, வீட்டில் பார்த்தால் தப்பு. பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? கண்ணைப் பாராவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட ஒரு ‘உம்’ போதும், அதைக் கற்றுக்கொடுக்கலாம்.

இதுவரை பிள்ளையைத் திருத்துவதைப் பற்றியே பேசினோம். அட்டா வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள்?

நோவா சாஸனும் சகாக்களும் 2017-இல் செய்த ஆய்வில், ஆட்டிச நிலையாளர்கள் பேசும் சில நொடிக் காணொளிகளை அந்நியர்களுக்குக் காட்டினார்கள். அவர்களோடு பழக விருப்பம் குறைவு என்ற தீர்ப்பு அந்தச் சில நொடிகளிலேயே விழுந்துவிட்டது. அதே பேச்சைக் குரலோ முகமோ இல்லாமல் எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்தப் பாரபட்சம் மறைந்துபோனது. பேசிய விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், கை அசைவு, உட்காரும் விதம் இவைதான் ஒதுக்க வைத்தன. ஒதுக்கியவர்களுக்குப் பயிற்சி வேண்டாமா? தானும் ஆட்டிச நிலையாளரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதைக் கோட்பாடாகவே வைத்தார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது. கேத்தரின் குராம்ப்டன் எடின்பரோவில் 72 பேரை எட்டெட்டுப் பேர் வரிசைகளாக நிறுத்தி, காதோடு காதாகக் கதை கடத்தச் செய்தார். ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சளைக்கவில்லை. இரண்டும் கலந்த வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. அதே குழு 2025-இல் 311 பேரோடு மறுபடி செய்தபோது கலப்பு வரிசையும் மற்றவற்றுக்கு ஈடாகவே கடத்தியது. எனவே கலந்தால் கெடும் என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். ஆட்டிச நிலையாளருக்குச் செய்தி பரிமாறும் திறனே இல்லை என்ற பழைய வாதத்தை மட்டும் இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து கீழே தள்ளிவிட்டன.

வகுப்பறையில் இதைச் சோதித்தவர் கானி கசாரி. அவருடைய 2012 ஆய்வில் 60 ஆட்டிச நிலைக் குழந்தைகள், எல்லோரும் வழக்கமான பள்ளியில் படிப்பவர்கள். சிலருக்குப் பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து சமூகத் திறன் பயிற்சி அளித்தார். சிலருடைய விஷயத்தில் அந்தக் குழந்தைக்கு எதுவும் செய்யவில்லை. வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, தனியாக நிற்கும் யாரையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘இன்னாருக்காக’ என்று பெயர்கூடச் சொல்லவில்லை. இரண்டிலும் வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். தோழர்களைப் பயிற்றுவித்த குழுவில்தான் ஆட்டிச நிலைக் குழந்தைக்கு வகுப்பில் இடம் கிடைத்தது: நண்பர் பட்டியல்களில் பெயர் ஏறியது, திடலில் தனிமை குறைந்தது, ஆசிரியர் கண்ணுக்கும் மாற்றம் தெரிந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோதும் நீடித்தது. லெர்னரின் தொகுப்பில் ஆசிரியர்கள் எந்த மாற்றத்தையும் காணவில்லை என்று மேலே சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டுப் பக்கமும் இதே கதைதான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 சிறு குழந்தைகளோடு நடந்த ‘பாஸ்’ ஆய்வு 2016-இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், அம்மாவும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள், பிறகு காத்திருங்கள் என்பதே பாடத்தின் சாரம். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பேசுவது கூடியது. குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் கூடாமல் குறைந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் குழந்தையின் சமூகப் பழக்கத்தை மாற்றப் பெரியவரின் பழக்கத்தை மாற்றினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

பாலிகஞ்சில் இதற்கெல்லாம் ஆண்டுத் தேர்வு போல வருவது விஜயா. தசமியன்று சிலையைக் கரைத்த பிறகு வீடு வீடாகப் போக வேண்டும். பெரியவர் காலைத் தொட்டுப் பிரணாம். சம வயதுக்காரர்களோடு தோள் மாற்றித் தோள் தழுவும் கோலாகுலி. ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் நாரு, நிம்கி, ‘இன்னும் ஒன்று சாப்பிடு’. தொடுதலும் சத்தமும் உடம்பைக் குத்துவதாக உணரும் பிள்ளைக்கு, ஐந்து நாள் டாக் மேளம் கேட்ட களைப்போடு இது வருகிறது.

கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991-இல் தொடங்கிவைத்த ‘சமூகக் கதை’ முறை இதற்குப் பொருந்தும். பிள்ளையின் குரலில், நடக்கப்போவதை முன்கூட்டி விவரிக்கும் சின்னக் கதை அது. கட்டளை குறைவாகவும் விவரம் அதிகமாகவும் இருக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘விஜயாவுக்கு நிறையப் பேர் வீட்டுக்கு வருவார்கள். சிலர் என்னைத் தழுவிக்கொள்ள வருவார்கள். பிரியத்தை அவர்கள் அப்படிக் காட்டுகிறார்கள். எனக்குத் தழுவல் பிடிக்காவிட்டால் கைகூப்பலாம். அம்மா ஜேட்டுவிடம் (பெரியப்பாவிடம்) முன்பே சொல்லியிருப்பாள். சத்தம் அதிகமானால் என் அறைக்குப் போகலாம். அங்கே என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.’

இதில் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றிரண்டு. பெரியவர்கள் செய்ய வேண்டியதுதான் அதிகம்: அம்மா ஜேட்டுவிடம் உண்மையிலேயே பேசியிருக்க வேண்டும், ஜேட்டு கைகூப்பலை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும், அறைக்கதவை யாரும் தட்டக் கூடாது. ஒரு வாக்கியம் பொய்யானாலும் அடுத்த கதையைப் பிள்ளை நம்பாது. இந்த முறையும் மாயம் செய்வதில்லை. பிரிட்டனில் 249 குழந்தைகளோடு நடந்த சோதனையில், பொதுவான சமூகத்திறன் அளவுகோலில் மாற்றம் தெரியவில்லை. அந்தந்தக் குழந்தைக்கென்று வைத்த குறிப்பிட்ட இலக்கை எட்டியவர்கள்தான் அதிகமாக இருந்தார்கள். விஜயாவைச் சமாளிப்பது குறிப்பிட்ட இலக்கு. ‘சகஜமாகப் பழகுவது’ இலக்கே அல்ல, வெறும் ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு விலையும் உண்டு. தன் இயல்பை மறைத்து மற்றவர்போல நடித்துப் பழகிய ஆட்டிச நிலையாளர்களைப் பற்றி லாரா ஹல் 2017-இல் எழுதினார். நடிப்பு முடிந்ததும் உடம்பும் மனசும் ஓய்ந்துவிடுவதாக அவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு சாரா காசிடியின் ஆய்வு அந்த நடிப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ‘பார்த்தால் தெரியவே இல்லையே’ என்று நாம் பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தபோது ஆட்டிசமும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. எல்லோரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையும், அதற்காகப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பும் அதில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்காகப் பள்ளியில் தனிநபர் கல்வித் திட்டம் எழுத உட்காரும்போது, அந்தத் தாளில் பிள்ளை என்னென்ன கற்க வேண்டும் என்று பத்து வரி இருக்கும். வகுப்புத் தோழர்கள் என்ன கற்பார்கள், ஆசிரியர் எதை மாற்றிக்கொள்வார், முன்னேற்றத்தை இடைவேளையில் திடலுக்கு வந்து யார் பார்ப்பார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.